கார் அவளுக்கு, ஹெட் அவனுக்கு

ஏவ்ரில் ஸ்டப்ஸும் டென்ஸில் பார்ஜிட்டரும் விவாகரத்து வாங்கியபோது வீட்டுக்காகச் சண்டை வரவில்லை, நாய்க்காகவும் வரவில்லை. சண்டை வந்தது ஒரு சிலிண்டர் ஹெட்டுக்காக, இன்ஜினை மேலிருந்து மூடும் ஒரு உலோகப் பாகத்துக்காக. கார் ஏவ்ரிலுடையது. அவளுடைய மாமா விட்டுப்போன, அறுபத்தாறாம் வருடத்துப் பச்சை நிறத் திறந்த கார். ஆனால் அதன் இன்ஜின் மேல் உட்கார்ந்திருந்த அலுமினிய ஹெட்டை டென்ஸில்தான் தன் சம்பளத்தில் வாங்கினான். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து அதன் துளைகளைத் தேய்த்துத் தேய்த்து அகலப்படுத்தி, தன் கையாலேயே மாட்டினான். கார் அவளுக்கு என்று வக்கீல்கள் பேசி முடித்த வாரமே அந்த ஹெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பழைய வார்ப்பிரும்பு ஹெட்டை மறுபடி மாட்டி, வண்டியைக் கழுவித் துடைத்து, சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நியாயப்படி பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதனால்தான் அவளுக்கு அப்படி வயிறு எரிந்தது.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு பேரும் இன்னும் அதே கார் பந்தயக் கிளப், அதே மலை. விதிகோம்ப் மலையில் கார்கள் ஒவ்வொன்றாகத்தான் ஏறும். கீழே விளக்கு பச்சையானதும் கிளம்பி, ஒற்றைத் தடப் பாதையில் வேலிகளுக்கும் மரங்களுக்கும் நடுவே வளைந்து வளைந்து ஏறி, உச்சிக் கோட்டைத் தாண்ட எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் பந்தயம். மாற்றம் செய்த பழைய கார்களின் பிரிவில் டென்ஸில், விவாகரத்துக்கு முன்னால், அந்தப் பச்சைக் காரில், அந்த ஹெட்டை வைத்து, நாற்பத்தொன்பது புள்ளி எட்டு நொடியில் ஏறியிருந்தான். அதை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

ஏவ்ரில் இதை ஒப்புக்கொள்வாளா? தேநீர்க் கடைக்கு முன்னால் நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவாள். "மலை ஏறினது ஹெட்டுப்பா. டென்ஸில் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு கூடவே போனாரு, அவ்வளவுதான்." டென்ஸில் காதிலும் அது விழும். "யார் வேணா கூடப் போகலாமே. போய்க் காட்டச் சொல்லு," என்பான். அவளிடம் இருந்ததோ இரும்பு ஹெட். மாற்றம் செய்யாத வண்டிகளின் பிரிவில் அவள் எத்தனை முட்டி மோதினாலும் ஐம்பத்தொன்றுக்குக் கீழே இறங்கியதில்லை. ஆக, வழக்கு ஒன்பது வருடமாகத் தீர்ப்பு இல்லாமல் இழுத்துக்கொண்டே கிடந்தது.

செப்டம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை, பயிற்சி ஓட்டத்தில் அந்த இரும்பு ஹெட் கைவிட்டது. கடைசி வளைவுக்கு முன்னால் இன்ஜின் இருமியது, பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது, ஏவ்ரில் மிச்சத் தூரத்தை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். கார்கள் நிற்கும் வயலுக்குத் திரும்பியதும் நோக்ஸ் வேலையில் இறங்கினான். நோக்ஸ் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரன், பஸ் டிப்போவில் இருந்து ஓய்வு பெற்றவன், அவள் எந்த மலைக்குப் போனாலும் கருவிப் பெட்டியோடு கூடவே போவான். ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, நகத்தால் ஒரு இடத்தில் வருடினான்.

"போச்சு. ரெண்டாவது சிலிண்டருக்கும் மூணாவதுக்கும் நடுவுல விரிசல். நகம் மாட்டுது பாரு."

"அடைக்க முடியாதா?"

"அடைக்கலாம். புதன்கிழமைக்குள்ள அடைச்சுத் தர ஆள் இருக்கு. போட்டி நாளைக்கு."

ஏவ்ரில் கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து லினெட் வந்தாள். லினெட் என்பவள் டென்ஸிலின் இப்போதைய மனைவி. குண்டான, சிரித்த முகக்காரி. ஏவ்ரிலோடு அவளுக்கு ஒரு பகையும் கிடையாது. டென்ஸிலின் குறட்டையைப் பற்றிப் பேச உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே ஆள் ஏவ்ரில்தான். கையில் பன்றிக்கறி வைத்துச் சுடச்சுட இரண்டு பன்.

"முதல்ல இதைச் சாப்பிடு. அழறதா இருந்தா சாப்பிட்டுட்டு அழு."

"நான் எங்க அழறேன்? மண்ணெண்ணெய் கண்ணுல பட்டுடுச்சு."

"சரி கண்ணு, மண்ணெண்ணெய்தான்." லினெட் விரிசலை எட்டிப் பார்த்தாள். "எங்க வேன்ல என் சக்களத்தி இருக்கா, தெரியும்ல?"

"யாரு?"

"அந்த அலுமினியம். கம்பளி போர்த்திப் படுத்திருக்கா. இப்போ அவர் ஓட்டுறது எட்டு சிலிண்டர் வண்டி, அதுக்கு இது சேரவே சேராது. இருந்தும் ஒவ்வொரு மலைக்கும் தூக்கிட்டு வந்துடுறாரு. எதுக்குன்னு கேட்டா, 'யாருக்காவது தேவைப்படும்'ங்கிறாரு. யாருக்காவதுன்னா யாருக்கு? இந்த வயலுக்கு அது பொருந்துற வண்டியோட வர்றது நீ ஒருத்தி."

ஏவ்ரில் பன்னைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வயலில் ஒரு வழக்கம் உண்டு. உன்னிடம் இருக்கும் சாமான் எதிராளியிடம் இல்லை என்றால் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அவன் வண்டி ஓடவில்லை என்பதால் நீ ஜெயித்தால் அதைப் போல வெட்கக்கேடு வேறில்லை. பரிசு வாங்கும்போது கைதட்டுவார்கள், ஆனால் யாரும் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்கள். ஆகவே டென்ஸில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவள் வாங்கினால்தான் சிக்கல். அலுமினிய ஹெட் போட்டுவிட்டால் மாற்றம் செய்த வண்டிகளின் பிரிவுக்குப் போயாக வேண்டும். அங்கேதான் அந்த நாற்பத்தொன்பது புள்ளி எட்டு உட்கார்ந்திருக்கிறது. அதே கார், அதே ஹெட், அதே மலை. மாறியிருப்பது ஓட்டும் ஆள் மட்டும். அதற்குக் கீழே அவள் இறங்காவிட்டால் ஒன்பது வருடமாகப் பேசிய பேச்சை எல்லார் முன்னாலும் முழுங்க வேண்டியதுதான்.

டென்ஸில் அதற்குள் வயலைக் கடந்து வந்துவிட்டான். ஒல்லியான உயர மனிதன். கம்பளியில் சுற்றிய மூட்டையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

"கேட்டா கொடுக்கலாம்னு இருந்தேன்," என்றான்.

"நான் கேக்கல."

"கேக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் தூக்கிட்டு வந்தேன்."

"இதைப் போட்டா உன் பழைய பிரிவுக்கு வரணும்."

"ஆமா."

"உன் நேரத்தோட மோதணும்."

"ஆமா." அவன் வாயோரம் லேசாகக் கோணியது. "பயமா இருந்தா வேண்டாம்."

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஏவ்ரில் எழுந்து, பாதி பன்னை வாயில் திணித்துக்கொண்டு, மூட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

அவளே எதிர்பார்க்கவில்லை, அதன் கனம் அவ்வளவு குறைவு. இரும்பு ஹெட்டைத் தூக்க அவளும் நோக்ஸும் முக்கி முனகினார்கள். இதை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையால் கம்பளியை உருவினாள். வெளிச்சத்தில் வெள்ளிப் பாத்திரம் போல மின்னியது. ஒன்பது வருடம் உபயோகமில்லாமல் கிடந்த சாமான் அப்படி மின்னாது. யாரோ மாதாமாதம் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்கள்.

செய்தி வயல் முழுக்கப் பரவிவிட்டது. வேலை தொடங்குவதற்குள் ஒருவர் இன்ஜினுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒழுகாமல் வைக்கும் புதுக் கேஸ்கெட் தகட்டைக் கொண்டுவந்து நீட்டினார், இன்னொருவர் தடித்த வாஷர்கள் கொண்டுவந்தார், மூன்றாவது ஆள் ஒன்றும் கொண்டுவராமல் மடக்கு நாற்காலியைப் போட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார். நோக்ஸ் சிலிண்டர் வாய்களில் துணி திணித்தான். ஏவ்ரில் இன்ஜினின் மேல்முகத்தைத் துடைத்தாள், வழித்தாள், திரும்பவும் துடைத்தாள். ஹெட்டைப் பிடிக்க நிமிர்ந்து நிற்கும் ஸ்டட்டுக் கம்பிகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, புரிகளுக்கு எண்ணெய் தொட்டுவைத்தாள். துணிகளை உருவிவிட்டு, கேஸ்கெட்டைப் பூப்போல வைத்தாள். பிறகு ஹெட்டை ஸ்டட்டுகளுக்கு நேராகப் பிடித்து, மூச்சை அடக்கி இறக்கினாள். எங்கும் இடிக்காமல், சிக்காமல், வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அவள் மனசுக்குள் ஒரு குதி குதித்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் அடுத்த வேலையைப் பார்த்தாள்.

வால்வுகளை அசைக்கும் தள்ளுகம்பிகள், அதற்கு மேலே ராக்கர், வாஷர், நட்டு. நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு போனாள். அளவு வந்ததும் டார்க் ரெஞ்ச் டக்கென்று சொல்லும். ஒவ்வொரு டக்குக்கும் நாற்காலி ஆள் தலையாட்டினார்.

தண்ணீர் ஊற்றி, வால்வுகளுக்கு மேலே விட வேண்டிய டேப்பெட் இடைவெளியைச் சரியாக வைத்து, சாவியைத் திருப்பினாள். உடனே பிடித்துக்கொண்டது. சத்தமே வேறாக இருந்தது. இரும்பு ஹெட் அத்தனை வருடமாக முணுமுணுத்துக்கொண்டிருந்ததை இது வாய்விட்டுப் பேசியது. பக்கத்துக் கூடாரத்திலிருந்து இரண்டு பேர் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஏவ்ரில் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தாள், தேவையே இல்லாமல் இன்னொரு மிதி. ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இன்ஜின் நன்றாகச் சூடானதும் அணைத்தாள். புது கேஸ்கெட் முதல் சூட்டில் அமுங்கும் என்பதால் நட்டுகளை இன்னொரு முறை இறுக்க வேண்டும். எப்போது என்பதில்தான் வம்பு.

"ராத்திரி முழுக்க ஆறட்டும்," என்றான் டென்ஸில். அவன் போகவே இல்லை, ஓரமாக நின்றுகொண்டிருந்தான். "காலைல தொட்டா ஜில்லுனு இருக்கும்போது இறுக்கு. இது இரும்பு இல்ல."

நோக்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாழ்க்கை பூரா பஸ் ஹெட்டு இறுக்கினவன் நான். சூட்டோட சூடா இறுக்கணும். ஆறவிட்டு இறுக்குவேன்னு எங்க டிப்போல சொல்லியிருந்தா வெளில துரத்தியிருப்பாங்க."

"பஸ்ஸுல அலுமினிய ஹெட்டு இருந்துச்சா நோக்ஸ்?"

"ஹெட்டுன்னா ஹெட்டுதான்."

அலுமினியம் சூட்டில் இரும்பைவிட அதிகமாக உப்பும். உப்பியிருக்கும்போது இறுக்கினால், ஆறிச் சுருங்கியதும் நட்டு தளர்ந்துவிடும். இது டென்ஸிலுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் ஏவ்ரிலுக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் இதே ஹெட்டை விடியற்காலைக் குளிரில் அவன் இறுக்கும்போது விளக்குப் பிடித்ததே அவள்தான். ஆனால் அன்று டென்ஸில் கிழக்கு என்றால் சூரியனையே மேற்கில் வரச் சொல்லியிருப்பாள். ஹெட்டையும் வாங்கிக்கொண்டு யோசனையும் வாங்கிக்கொள்வதா?

"நோக்ஸ், ரெஞ்சைக் கொடு," என்றாள்.

டென்ஸில் அவளைப் பார்த்தான், ஹெட்டைப் பார்த்தான், வேனை நோக்கி நடந்துவிட்டான். அவள் சூடு ஆறுவதற்குள் கடைசி நட்டு வரை இறுக்கி முடித்தாள்.

ஞாயிறு. முதல் ஓட்டம். கீழே கோட்டில் நின்றதும் வண்டி பின்னால் உருளாமல் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்தார்கள், விளக்கு பச்சையானது, பச்சைக் கார் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. முதல் இரண்டு வளைவுகளில் அவளுக்குச் சிறகு முளைத்தாற்போல் இருந்தது. இப்படியா இழுக்கும் இது? ஆனால் பாதி மலையில் ஒரு சிலிண்டர் தடுமாறியது, கண்ணாடியில் ஈரம் படிந்தது, இன்ஜின் தண்ணீர் ஆவியாகும் இனித்த வாசம் மூக்கில் ஏறியது. ஐம்பத்தொன்று புள்ளி ஒன்பது என்று ஒலிபெருக்கி வயலுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னது.

அவள் திரும்பி வந்தபோது எல்லாரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே யாராவது நன்றாக அடிவாங்கினால் அப்படித்தான், எல்லாருக்கும் மேகம் ஞாபகம் வந்துவிடும்.

நோக்ஸ் பானெட்டைத் திறந்தான். ஹெட்டும் இன்ஜினும் சேரும் இடத்தில், ஒரு பக்கம் நெடுக, சின்னச் சின்னத் துளிகள் முத்துப் போலக் கோத்து நின்றன. அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"நான்தான்மா கெடுத்துட்டேன்."

"இல்ல நோக்ஸ். எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் பண்ணினேன்."

இரண்டாவது ஓட்டம் மதியத்துக்கு மேல். அதுதான் கடைசி. அதற்குள் முழுக்க ஆறினால்தான் உண்டு. போட்டி அதிகாரியிடம் போய்க் கேட்டாள். அவர் அட்டையைப் புரட்டாமலே சொன்னார்: "உங்க பிரிவோட போகலைன்னா எல்லாருக்கும் கடைசியா போங்க, பெரிய வண்டிங்களுக்கும் அப்புறம். ஆனா அங்க பாருங்க." மேற்கே வேல்ஸ் பக்கத்து வானம் கன்றிப்போய்க் கிடந்தது. மழை விழுந்த பாதையில் நாற்பத்தொன்பது எங்கே, ஐம்பது எங்கே, வண்டி வேலிக்குள் போகாமல் இருந்தாலே பெரிது. இப்போதே போனால் பாதை காய்ந்திருக்கும், ஹெட் ஒழுகும். ஆறவிட்டால் ஹெட் சரியாகும், பாதை நனையும்.

அவள் ஒழுகாத ஹெட் வேண்டும் என்று முடிவு செய்தாள். பிறகு, ஒன்பது வருடத்தில் முதல் முறையாக, தானே நடந்து டென்ஸிலின் வேனுக்குப் போனாள். அவன் பந்தயச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"வந்து கை வச்சுப் பாரு," என்றாள். "எப்போ ஆறிச்சுன்னு எனக்குச் சரியாச் சொல்ல வராது. உனக்கு வரும்."

அவன் கேலி செய்வான் என்று தயாராக வந்திருந்தாள். அவன் செய்யவில்லை, கூடவே வந்தான். உள்ளங்கையை அகலமாக விரித்து ஹெட்டின் மேல் வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பவன் போலக் கண்ணை மூடினான்.

"இன்னும் நேரம் இருக்கு."

பானெட்டைக் கழற்றியே வைத்தார்கள். காற்று மலையிலிருந்து வீசியது, நல்ல வேளையாகக் குளிர்ந்த காற்று. ஏவ்ரிலின் பிரிவு கூப்பிடப்பட்டது. மற்றவர்கள் போனார்கள், வந்தார்கள். அவள் வானத்தைப் பார்ப்பதும் ஹெட்டைத் தொடுவதுமாகச் சுற்றிச் சுற்றி வந்தாள். "தொட்டுத் தொட்டே சூடாக்கிடுவே போலிருக்கு," என்றாள் லினெட். டென்ஸில் தன் முறைக்குப் போய், எட்டு சிலிண்டரும் அதிரத் தன் ஓட்டத்தை முடித்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேராக இங்கேதான் வந்தான். நேரம் என்ன என்று நோக்ஸ் கேட்டதற்கு, "கவனிக்கல," என்றான். கையுறையை உருவிவிட்டு ஹெட்டின் மேல் கை வைத்தான்.

"இப்போ."

ஏவ்ரில் ரெஞ்சைப் போட்டாள். ஒவ்வொரு நட்டையும் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி முறுக்கினாள். நேற்று டக்கென்று சொன்ன இடத்தைத் தாண்டி ரெஞ்ச் போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு தளர்ச்சியோடா மலை ஏறினோம் என்று நினைத்துக்கொண்டே அடுத்த நட்டுக்குப் போனாள். நடு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மூலை. நட்டை இறுக்கினால் டேப்பெட் இடைவெளி மாறிவிடும், அதையும் திரும்ப வைக்க வேண்டும். டென்ஸில் இடைவெளி அளக்கும் தகட்டை எடுத்துக்கொண்டு குனிந்தான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவள் திருகைத் திருப்பினாள், அவன் தகட்டைச் செருகிச் சொன்னான்.

"கொஞ்சம். இன்னும் கொஞ்சம். போதும். அடுத்தது."

அந்த இரண்டு ஜோடிக் கைகளும் சேர்ந்து இந்த வேலையை எத்தனையோ தடவை செய்திருந்தன. அவர்கள் சமையலறையில் சண்டை போட்டார்கள், படுக்கையறையில் சண்டை போட்டார்கள், அவன் அம்மா வீட்டு வாசலில்கூடச் சண்டை போட்டார்கள். பானெட்டுக்கு அடியில் மட்டும் ஒரு நாளும் போட்டதில்லை. ஏவ்ரிலுக்கு அது இப்போதுதான் உறைத்தது. அடுத்த திருகுக்கு நகர்ந்தாள்.

ராக்கருக்கு மேல் மூடியை மாட்டி, வண்டியைக் கிளப்பி, சூடேற்றினார்கள். நோக்ஸ் தரையில் படுத்து, விளக்கடித்து, ஓரம் முழுக்கப் பார்த்தான். "ஒரு பொட்டு ஈரம் இல்ல." ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொன்னது. பானெட்டை மாட்டி அவள் பெல்ட்டை இழுத்துக் கட்டும்போது கண்ணாடியில் முதல் துளி விழுந்தது.

"மூணாவது வளைவுல மரம் மூடியிருக்கும், அங்க காஞ்சிருக்கும்," என்றான் டென்ஸில், கதவில் கையூன்றி. "மேல போகப் போகத்தான் ஈரம்."

"தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

கட்டை வைத்தார்கள். விளக்கு பச்சை.

வண்டி கிளம்பிய வேகத்தில் அவள் தலை பின்னால் மோதியது. முதல் வளைவை வேலி முள் உரசும் அளவுக்கு ஒட்டி எடுத்தாள். இரண்டாவதில் பின்பக்கம் லேசாக நழுவியது, பிடித்தாள், மிதித்தாள். நாலு சிலிண்டரும் ஒரே குரலில் கத்தின, ஒன்றும் தடுமாறவில்லை. மரங்களுக்கு அடியில் சாலை காய்ந்து வெளுத்துக் கிடந்தது; அங்கே அவள் எப்போதும் ஒரு கணம் காலை எடுப்பாள், இன்று எடுக்கவில்லை. மரம் முடிந்ததும் கண்ணாடி முழுக்கத் துளி. கொண்டை ஊசி வளைவில் பிரேக் மிதிக்கும்போது சாலை பளபளவென்று இருந்தது. போகிறோம், வேலிக்குள் போகிறோம் என்று நினைத்தாள். போகவில்லை. சக்கரம் வழுக்கி, யோசித்து, பிடித்தது. கடைசி ஏற்றத்தில் அவள் என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. மேலே நின்ற பாதிரியார் ஒருவர் அதைக் கேட்டுவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

உச்சியில் ஒலிபெருக்கி கிடையாது. வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினாள். கொண்டை ஊசி வளைவில் நின்ற ஆரஞ்சு கோட்டுப் பந்தயப் பணியாளன், ரேடியோவில் வந்ததைக் கையை வாயில் குவித்துச் சொன்னான்.

"நாற்பத்தொன்பது புள்ளி ஆறு."

அவள் வண்டியை நிறுத்தினாள். "என்ன சொன்னீங்க?"

"நாற்பத்தொன்பது புள்ளி ஆறு."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"அம்மா, நான் மழைல நிக்கிறேன். நாற்பத்தொன்பது, ஆறு. போங்க கீழ."

வயலுக்குள் நுழைந்தபோது கூடாரங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வெளியே வந்து நின்று கைதட்டினார்கள். லினெட், காரின் கதவைத் திறக்கக்கூட விடாமல் மேலிருந்தபடியே அவளைக் கட்டிக்கொண்டாள். ஏவ்ரிலுக்குச் சிரிப்பு நிற்கவில்லை, கண்ணும் வழிந்தது, இன்று மண்ணெண்ணெய் என்று சொல்லவும் வழியில்லை. நோக்ஸ் பானெட்டைத் தூக்கிவிட்டு இன்ஜினைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தான்.

"சாதிச்சுடுச்சும்மா உன் ஹெட்டு," என்றான், கள்ளங்கபடம் இல்லாமல்.

நாற்காலி ஆள்தான் முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக. ஏவ்ரிலின் சிரிப்பு பாதியில் நின்றது. ஒன்பது வருடமாக இந்த வயலில் அவள் போட்ட கணக்குப்படி மலை ஏறுவது ஹெட். ஓட்டுகிறவர் வெறுமனே கூடப் போகிறவர். அப்படியானால் இன்றைக்கு மழையில் ஏறியது யார்? தன் கையால் தோண்டிய குழியில் தன் காலாலேயே நடந்து வந்து நின்றிருந்தாள். எல்லார் கண்ணும் டென்ஸில் பக்கம் திரும்பியது. அவன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. அவனுக்காகவே சமைத்துத் தட்டில் வைத்த மாதிரி இருந்தது.

லினெட் அவனை முழங்கையால் இடித்தாள். "சொல்லுங்களேன். எத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருந்தீங்க."

டென்ஸில் ஹெல்மெட்டைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். "எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல," என்றான். "அந்தக் கொண்டை ஊசி வளைவை ஈரத்துல நான் அப்படி எடுத்திருக்க மாட்டேன். அவ்வளவுதான்."

ஏவ்ரில் சீட்டின் மேல் ஏறி நின்றாள், எல்லாரும் கேட்க வேண்டும் என்பதற்காக.

"நல்லாக் கேட்டுக்கோங்க, திரும்பச் சொல்ல மாட்டேன். அன்னிக்கு ஓட்டினது டென்ஸில். இன்னிக்கு ஓட்டினது நான். ரெண்டு நாளும் இந்தத் தகரம் சும்மா உக்காந்துதான் வந்துச்சு."

டென்ஸில் காது நுனி வரை சிவந்துவிட்டான். கீழே குனிந்து, தொண்டையைச் செருமி, ஒரு வழியாகக் குரலைச் சரிசெய்துகொண்டான்.

"சும்மா வந்த தகரம்தானே? அப்போ சாயந்தரம் கழட்டி எடுத்துக்கிறேன்."

"தொட்டுப் பாரு, கையை ஒடிச்சுடுவேன்."

மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு கூடாரங்களுக்கு ஓடினார்கள். டென்ஸில் மட்டும் எதிர்ப்பக்கமாக ஓடி வந்து, பச்சைக் காரின் பானெட்டை இழுத்து மூடினான்.